நாற்பத்தேழாம் பக்கத்தின் பின்புறம்

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அவள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்கிற கேள்வி இது. பின்னால் எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் மெஷினில் வைத்துவிட்டு, அப்புறம் வந்தவர்களிடம் யார் பாட்டு வாங்குவது? பன்னிரண்டு வருஷப் பழக்கம். வீட்டில் காலண்டர் தாளைக் கிழித்தால்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள்.

அன்றைக்கு மெஷின் மேல் கிடந்தது அவள் புருஷனின் தலையெழுத்து.

அவர் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். எறும்பு குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தி வழி விடுவார் என்று கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓட்டிய பஸ் ஒரு நாள் காலையில் சிக்னலில் நிற்காமல் போய், சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டது. பாவம், அவருக்கு ஒரு கால் போயிற்று. பிரேக் பிடிக்கவில்லை என்றார் இவர். முந்தின நாள் சாயங்காலமே டிப்போ நோட்டில் புகார் எழுதி வைத்தேன், காலையில் கேட்டதற்கு 'எல்லாம் பார்த்தாச்சு, எடுத்துட்டுப் போ' என்றார்கள் என்றும் சொன்னார். அப்படி எதுவும் எழுதவேயில்லை என்று டிப்போக்காரர்கள் சாதித்தார்கள்.

நோட்டு கோர்ட்டுக்கு வந்தது. இவர் தன் தரப்புக்குத் தானே சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் நோட்டை விரித்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தத் தேதிப் பக்கம் இதுதானே? நீங்க எழுதினது எங்க இருக்கு, காட்டுங்க."

இவர் குனிந்து பார்த்தார். மேலிருந்து கீழே வரை பார்த்தார். "இதுல இல்லைங்க" என்றார்.

கடைசி பெஞ்சில் இருந்த அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுதினேன் எழுதினேன் என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்ட மனுஷன், நோட்டைக் கையில் கொடுத்ததும் இல்லை என்கிறாரே! நீதிபதியும் அதைத்தான் தீர்ப்பில் எழுதினார். இரண்டு வருஷம் சிறை. அப்பீல் போக முப்பது நாள் அவகாசம், அதுவரை ஜாமீன்.

முதல் வக்கீல் கையை விரித்துவிட்டார். அப்பீலுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தாள். சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி.

நிதானம் தினமும் குளியலறையில் நின்றுகொண்டு மேல்கோர்ட்டில் பேசப் போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "கனம் நீதிபதி அவர்களே" என்று தொடங்கும்போதெல்லாம் வாளி நிரம்பி வழியும். வக்கீலம்மா அதற்கும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள்.

"அப்பீல்ல உங்களைப் பேசச் சொல்ல மாட்டாங்கண்ணே. கீழ்க்கோர்ட்டுல என்ன பேசினீங்களோ, அது பேப்பர்ல இருக்கு. மேல அந்தப் பேப்பரைத்தான் படிப்பாங்க."

"அப்ப நான் எதுக்கு?"

"நீங்க சும்மா வந்து உக்காருங்க."

அந்தப் பேப்பர் கட்டுதான் இப்போது மெஷின் மேல் கிடந்தது. கீழ்க்கோர்ட்டில் கொடுத்த நகல். நான்கு செட் எடுக்க வேண்டும். வேறு யாரையும் தொட விடாமல் தானே எடுத்தாள். எல்லாம் ஒரு பக்க நகல், பின்னால் வெள்ளை. நாற்பத்தேழாம் பக்கம் வெளியே வந்ததும் அவள் கை நின்றது.

டிப்போ நோட்டின் அந்தத் தேதிப் பக்கம். யார் யாரோ எழுதிய புகார்கள், கடைசி வரி வரை. அந்த வரிகளுக்கு நடுவே லேசாக அழுக்குப் படிந்த மாதிரி ஒரு நிழல். வேறு யாராக இருந்தாலும் மெஷின் கோளாறு என்று விட்டிருப்பார்கள். அவளா விடுவாள்? அசல் தாளின் பின்பக்கத்தில் அழுத்தி எழுதியிருந்தால்தான் இப்படி நிழல் விழும்.

மெஷினில் கருமையைக் கூட்டி இன்னொன்று எடுத்தாள். நிழல் தடித்தது. தாளைத் திருப்பிக் கடையின் கண்ணாடிக் கதவில் வைத்து, வெளிச்சத்தில் பார்த்தாள். முழுசாகத் தெரியவில்லை. ஆனால் 'பிரேக்' என்ற சொல் தெரிந்தது. அதற்குக் கீழே வாலை நீட்டி ஒரு கையெழுத்து. அந்த வாலை அவள் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அடப் பாவி மனுஷா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"முன்பக்கம் இடமில்லாம பின்பக்கம் எழுதியிருக்கீங்க. அது கூடவா மறந்துபோகும்? கடைசி வரியில வேற ஆள் கையெழுத்து இருக்கே, அதைப் படிச்சிருந்தா ஞாபகம் வந்திருக்காதா? கையில கொடுத்தப்போ படிச்சீங்களா இல்லையா?"

அவர் தாளை எடுத்துக் கை நீட்டித் தூரமாகப் பிடித்தார்.

"படிக்கல."

"ஏன்?"

"கண்ணாடி போட்டாத்தானே படிக்க முடியும்?"

வெள்ளெழுத்துக் கண்ணாடி அன்றைக்கு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அவளே எடுத்து வைத்தாள். "பையில இருந்ததை எடுத்துப் போட்டா என்ன கேடு?"

"ஆக்ஸிடென்ட் கேஸ்ல கூண்டுல நிக்கிற டிரைவர் கண்ணாடியை எடுத்து மாட்டினா என்ன சொல்வாங்க? கண்ணு தெரியாதவன் பஸ் ஓட்டினான்னு சொல்ல மாட்டாங்களா? எல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. எழுத்து என்னோடது மாதிரி இல்ல. இல்லைன்னுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வருஷம்!

மறுநாளே வக்கீலம்மா ரெக்கார்டு ரூமில் அனுமதி வாங்கி அசல் நோட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "இருக்கு அக்கா, பின்பக்கம் முழுசா இருக்கு!" பிறகு அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஆனா அவரே தன் வாயால இல்லைன்னு சொல்லியிருக்காரே. ஏன் அப்படிச் சொன்னார்னு அவர்தான் கூண்டுல ஏறிச் சொல்லணும். அப்பீல்ல புது சாட்சியம் எடுக்கிறது அபூர்வம். மனு போட்டுப் பார்க்கிறேன்."

நிதானம் முரண்டு பிடித்தார். "அத்தனை பேர் முன்னால கண்ணாடி போடணுமா? போட்டா லைசென்ஸும் போச்சு, வேலையும் போச்சு."

"போடலைன்னா நீங்களே உள்ள போயிருவீங்க!" என்றாள் அவள்.

மேல்கோர்ட் நீதிபதி மனுவைப் படித்தார். கீழிருந்து வந்த அசல் நோட்டை வாங்கி, அந்தத் தேதிப் பக்கத்தைத் தானே புரட்டினார். "இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் விசாரிக்கலாம்" என்றார்.

அந்த நாள் வந்தது. நிதானம் கூண்டில் ஏறினார். நோட்டு கைக்கு வந்தது. அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போடுங்க, போடுங்க என்று அவள் வாய் முணுமுணுத்தது. அவர் கை பைக்குப் போயிற்று, நின்றது, மறுபடி போயிற்று. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளைப் புரட்டினார்.

"'பிரேக் மிதித்தால் தாமதமாகப் பிடிக்கிறது. நாளை வண்டி எடுக்கும் முன் கட்டாயம் பார்க்கவும்.' கீழ என் கையெழுத்துங்க."

அரசு வக்கீல் எழுந்தார். "ஆக, உங்களுக்குக் கண் தெரியாது!"

அவள் பயந்தது இதற்குத்தான். ஆனால் நிதானம் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிட்டத்துலதாங்க தெரியாது. தூரத்துல நல்லாத் தெரியும்." ஜன்னல் வழியே ரோட்டைக் காட்டினார். "அதோ மூணாவதா நிக்கிற பஸ். ரூட் நம்பர் பதினெட்டு. பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு."

நீதிபதியே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பெடுத்தார்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. தண்டனை ரத்து, விடுதலை. வக்கீலம்மா தீர்ப்பை நீட்ட, நிதானம் அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். கழற்றாமலே வெளியே வந்தார்.

"கழட்டுங்க, படி தெரியாது" என்று அவள் கையைப் பிடித்தாள்.

அவர் முதல் படியிலேயே நின்றார். "நான் எழுதினேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"நீ நம்பினியா?"

பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. "கூண்டுல நீங்க இல்லைன்னு சொன்னதுல இருந்து நம்பலைங்க. அந்த நிழலைப் பார்க்கிற வரைக்கும் நம்பல."

கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கே நம்பிக்கை போயிருச்சும்மா" என்றார். "எழுதாமலேயே எழுதினதா நெனச்சுக்கிட்டேனோ, என்னாலதான் அந்த ஆளுக்குக் கால் போச்சோன்னு, இத்தனை நாளா இதேதான்."

அவள் பிடித்த கையை விடவில்லை. இருவரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.