பாலாடை போன வீடுகள்

அந்த ஐப்பசியில் கடலோரக் கிராமமான பனித்திட்டில் மெட்ராஸ் ஐ வந்தவர்களுக்கெல்லாம், யாரிடமிருந்து நோய் ஒட்டியதோ அவர் பார்ப்பது தங்கள் சிவந்த கண்ணில் தெரிந்தது. குழந்தைவேல் வீட்டில் போர்வைக்குள் சுருண்டு படுத்தபடியே நடுக்கடலில் வலை இழுபடுவதைப் பார்த்தார். முகம் துடைக்க அவருக்குத் துண்டு கொடுத்த பங்காளி அன்று கடலில் இருந்தார். ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்த சின்னபொண்ணு கிருமாம்பாக்கத்தில் மீன் விற்றுக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியின் அடுப்பில் குழம்பு பொங்கி வழிவதைக் கண்டு, வேறு யார் பார்வையிலோ கிடந்த அவளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சாராயக்கடைக்குப் போன இரண்டு பேர் பெண்டாட்டிகளிடம் வசமாக மாட்டினார்கள். நாலைந்து நாளில் ஊருக்கு இது பழகிவிட்டது. துண்டும் தலையணையும்தான் நோயைக் கொண்டுபோகின்றன என்று அவரவர் கண்ணே காட்டியும், பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார்கள். புத்தி அப்படித்தான் போகும்.

நோய் அண்டாத ஒரே வீடு தேவேந்திரனுடையது. அவன் மனைவி வனஜாவுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெயரும் வைக்கவில்லை. கண்வலிக்குத் தாய்ப்பால் கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் மார் வற்றிப்போகும் என்பது அந்தக் கரையோரப் பேச்சு. அதனால் வனஜா பால் பீய்ச்சிக் கொடுக்க, அவள் நாத்தனார் பாக்யலட்சுமி, பிள்ளைக்கு மருந்து புகட்டும் மூக்கு வைத்த பாலாடையில் அதை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய், இமையை விரலால் பிரித்துச் சொட்டு விட்டு வந்தாள். நல்ல மனசுக்காரி, அதில் சந்தேகமில்லை. ஒருநாள் மிச்சமிருந்த பாலைப் பார்த்தவள், "ஊருக்கெல்லாம் வுட்டுட்டு நம்ம புள்ளைக்கு வுடாம இருக்கலாமா?" என்று சொல்லி, அதே பாலாடையால் குழந்தையின் இரண்டு கண்ணிலும் விட்டாள். வனஜா பக்கத்தில் இருந்தாள், தடுக்கவில்லை.

மறுநாள் குழந்தையின் இமைகள் வீங்கி, பீளை கட்டி, ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சொட்டு மருந்து கொடுத்தார். "பார்த்தா ஒட்டாதும்மா, கை பட்டா ஒட்டும். பால் ஊத்தவே கூடாது. கொதிக்க வெச்சு ஆறுன தண்ணில பஞ்ச நனைச்சு, மூக்குப் பக்கத்துலேருந்து வெளிய துடைங்க. ஒரு கண்ணுக்குத் தொட்ட பஞ்சு இன்னொரு கண்ணுக்கு வேணாம். தொட்டதும் சோப்புப் போட்டுக் கைய கழுவுங்க. தினம் கொண்டுவந்து காட்டுங்க."

"கண்ணு தெரியுமா டாக்டர்?" என்றாள் வனஜா.

"கருவிழில வெள்ளை வுழுந்திருக்கு. வீக்கம் வடியட்டும். இப்ப சொல்ல முடியாது."

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் வனஜா செய்தாள். பிள்ளையின் துணியைத் தனியாகக் கொதிக்க வைத்தாள், பஞ்சை எரித்தாள், கை தோலுரியக் கழுவினாள். நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டக்கூட வனஜாவுக்குத் தெம்பில்லை. இப்போது சொல்ல முடியாது என்பதையேதான் தினமும் டாக்டரம்மா சொன்னார். வனஜா பிள்ளையின் முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தாள், செல்போன் வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தாள். அது அழுதது, அவ்வளவுதான். தெரிகிறதா, தெரியவில்லையா என்று தெரியாமல் இருப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்தது அவளுக்கு. பெற்றவளுக்கு அதைவிட வேறு நரகம் கிடையாது.

ஒரு காலையில் அவள் பிள்ளையின் வலக்கண் பீளையைத் தொட்டுத் தன் வலக்கண்ணில் தேய்த்தாள். கையைக் கழுவிவிட்டு, இடக்கண் பீளையை இடக்கண்ணில் தேய்த்தாள். தேவேந்திரன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"இன்னாடி பண்ற? உனக்குப் பைத்தியமா?"

"அவனுக்கு இன்னா தெரியுதுன்னு எனக்குத் தெரியணும். வுடு."

அன்று மாலைக்குள் இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழமாகச் சிவந்தன. உலகம் இருண்டது. நாத்தனார் சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு பிள்ளையின் இமையைத் துடைத்துத் திறக்கும்போதெல்லாம், வனஜா எதிரே தவழ்ந்துவந்து உட்கார்ந்து காத்திருந்தாள். இருட்டுதான். மறுநாளும் இருட்டு. அதற்கடுத்த நாள் வலக்கண்ணில் சோறு வடித்த கஞ்சிபோல ஒரு வெளுப்பு அசைந்தது. பிறகு அந்த வெளுப்புக்குள் ஒருத்தி வந்தாள். தலைவிரி கோலம், வீங்கிய மூக்கு, கோணிய வாய். யார் இந்த அழுமூஞ்சி என்று நினைத்தவளுக்கு, அது தான்தான் என்று புரிந்தது. பிள்ளை அம்மாவைப் பார்க்கிறது. பார்க்கிற முதல் முகம் இதுவா? சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்து, மயிரை ஒதுக்கி, சிரித்துக் காட்டினாள். எதிரே தெரிந்தவளும் சிரித்தாள். இடக்கண்ணில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

பிள்ளைக்கு வலக்கண் தப்பியது, இடக்கண் போய்விட்டது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். மழை விட்டதும் ஊரில் எல்லோருக்கும் சிவப்பு போனது, அவரவர் பார்வை அவரவருக்குத் திரும்பியது. வனஜாவின் வலக்கண்ணும் அவளிடமே வந்துவிட்டது. இடக்கண் திரும்பவில்லை, சிவப்பு மறைந்தும் மகனுடைய இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தேவேந்திரன் கூப்பிட்டான். "அவன் பாக்கறத நானும் பாக்கறன். போதும், வுடு," என்றாள். மகனுக்குக் கலைவேந்தன் என்று பெயர் வைத்தார்கள். இப்போது கிருமாம்பாக்கத்தில் வனஜாவிடம் மீன் வாங்க வருகிறவர்கள், அவளுக்கு வலப்பக்கமாக வந்து நின்றுதான் விலை கேட்கிறார்கள்.