அஞ்சலி போஸ்டருக்குக் கொடுத்த பென்டிரைவ்

டிவியில் ஒரு படமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஆனந்தி தன்னைப் பெற்ற அம்மாவின் போட்டோக்களைப் பார்ப்பாள். பென்டிரைவை டிவிக்குப் பின்னால் செருகிக் கொடுத்துவிட்டால் போதும். ஐந்து வயதுப் பிள்ளை தானே ரிமோட்டை அமுக்கி, அம்மா இராமலட்சுமியின் மடியில் தான் கிடப்பதையும், காதுகுத்தில் வாயைப் பிளந்து அழுவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, திருப்தியாக விளையாடப் போய்விடும். இராமலட்சுமி இறந்து நாலு வருஷம் ஆகப் போகிறது. அவளுடைய போன் பழுதாகும் முன்பு அவள் புருஷன் மாரிராஜ் அதிலிருந்த நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் இந்தப் பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தான். வேறெங்கும் பிரதி கிடையாது.

"சித்தி, அம்மாவைக் காணும்" என்றாள் ஆனந்தி.

மாரிராஜ் இரண்டாவதாகக் கட்டிய மஞ்சு ரிமோட்டை வாங்கி மறுபடியும் அமுக்கிப் பார்த்தாள். மாரிராஜின் அக்கா மாரித்தாய் வெற்றிலையை மென்றபடியே எழுந்து வந்து டிவியைப் பார்த்தாள்.

"நேத்து இதை யாருட்டி வெளிய எடுத்துட்டுப் போனது?"

"நான்தான் மதினி. பிரிண்டு போடக் குடுத்தேன். வைரஸ் ஏறிட்டு போல..."

"பிரிண்டு போடக் குடுத்தா மொத்தமும் அழிஞ்சிருமாக்கும்? நல்ல கதையா இருக்கே! செத்துப் போனவ மேல என்னட்டி உனக்குப் பொறாமை? செவத்துல தொங்குத படத்தையும் கழத்தி அடுப்புல வச்சிரு. அதுக்கப்புறம் நிம்மதியாத் தூங்கலாம்."

மாரிராஜ் போலீஸ் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அருவி சீசன் தொடங்கியதிலிருந்து அவனுக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து. அக்காளை அவன் அதட்டவில்லை. ஒரே ஒரு தடவை மஞ்சுவின் முகத்தைப் பார்த்தான். பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்பது போல அவன் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் பிரிண்டு போடக் கொடுத்தது அஞ்சலி போஸ்டருக்குத்தான். புதன்கிழமை இராமலட்சுமியின் நினைவு நாள். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்திலும் அந்த நாளில் வீட்டுக்கு வெளியே பிளக்ஸ் வைக்கவில்லை. இரண்டாவது பெண்டாட்டி வந்ததும் முதல் பெண்டாட்டியை மறந்துவிட்டான் என்று தெருவில் பேசினார்கள். அந்தப் பேச்சை மாற்ற வேண்டும், அதைத் தானே செய்ய வேண்டும், போஸ்டரைப் பார்த்து அவன் கண் கலங்க வேண்டும் என்று மஞ்சு ஆசைப்பட்டாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை தென்காசியில் ஒரு பிளக்ஸ் கடையில் உட்கார்ந்து, நீலப் புடவையில் சிரித்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, "கீழ யாரு யாரு பேரு போடணும்? நீங்க அவுங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "கணவர், மகள். அம்புட்டுப் போதும்" என்றாள்.

பிறகுதான் அது நடந்தது. பென்டிரைவிலிருந்த கோப்புகளெல்லாம் திடீரென்று வெறும் ஷார்ட்கட் குறிகளாக மாறி நின்றன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. "இது வைரஸுக்கா. நாளு பூரா யாராவது ஒருத்தர் பென்டிரைவைக் கொண்டாந்து சொருகுதாங்கள்லா, அதான். பார்மட் அடிச்சிருவமா?" என்றார் கடைக்காரர். அவள் தலையாட்டினாள். போனைத் துடைத்துச் சுத்தம் செய்வது போல ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தாள். தலையாட்டியதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆனந்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக ஹுஸைஃபாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாள். அவளோடு கல்லூரியில் படித்தவளின் தம்பி அவன். கடைக்குள் பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் அவளுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது.

"வைரஸ் மட்டும்னா அஞ்சு நிமிசத்துல எடுத்துரலாம்க்கா. அது படத்தை அழிக்காது, ஒளிச்சுத்தான் வைக்கும். பார்மட் எதுவும் அடிச்சீங்களா?"

மஞ்சு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆமா."

"சரி, அழாதீங்க. பார்மட் அடிச்சாலும் முன்பக்க அட்டவணையைக் கிழிச்ச மாதிரிதான். உள்ள உள்ளது உள்ளயே கெடக்கும். மேல வேற எதையும் ஏத்தலையே?"

"நான் ஒண்ணும் ஏத்தல."

அவன் திரையைப் பார்த்தான். முகம் மாறியது. "பெரிசா ஒரு டிசைன் பைலு இருக்கேக்கா. முன்னூறு எம்பிக்கு மேல. டிவியில இது தெரியாது."

திறந்தான். திரை முழுக்க இராமலட்சுமி சிரித்தாள். நாலாம் ஆண்டு நினைவஞ்சலி. கணவர். மகள்.

அப்போதுதான் மஞ்சுவுக்கு ஞாபகம் வந்தது. பார்மட் அடித்து முடித்ததும் கடைக்காரர் பிரியமாகத்தான் சொன்னார்: "டிசைனையும் இதுலயே போட்டுத் தாரேன்க்கா. அடுத்த வருசம் நாலை அஞ்சாக்குனா போதும்."

"பழைய படம் இருந்த எடத்துலதான் இது உக்காந்திருக்கு" என்றான் ஹுஸைஃபா. "மொதல்ல ஏத்துன படங்க தப்பிச்சிருக்காது. மிச்சத்தைப் பாப்போம்."

மூன்று மணி நேரம் ஆனது. படங்கள் பெயரில்லாமல், வெறும் எண்களோடு, வரிசை குலைந்து வந்தன. பாதி முகத்துக்குக் கீழே சாம்பல் நிறமாகப் போனவையும் இருந்தன. எது எதென்று மஞ்சுதான் அடையாளம் சொன்னாள். தலை துவட்டும் இராமலட்சுமி. பிள்ளைக்குச் சோறூட்டும் இராமலட்சுமி. படம் எடுப்பவனைப் பார்த்துப் பொய்க் கோபத்தோடு கையை ஓங்கும் இராமலட்சுமி. அந்தப் பக்கம் நின்று எடுத்தவன் தன் புருஷன் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் ஒன்றைக்கூட அவள் விட்டுவிடவில்லை. பாதி முகத்தையும் எடுத்து வைக்கச் சொன்னாள்.

முன்னூற்று இருபத்தொன்பது வந்தன. எண்பத்து மூன்று வரவில்லை. ஆனந்தி பிறந்த ஆஸ்பத்திரிப் படங்களும் பேர் வைத்த அன்று எடுத்த படங்களும் மொத்தமாகப் போயிருந்தன.

வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஐந்தருவிக்குப் பஸ் ஏறினாள்.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மாரிராஜ் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு ஆண்கள் வரிசையில் விசில் ஊதிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பதறி ஓடி வந்தான். "என்னட்டி, பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கா. படம் வந்திருக்கு. எல்லாம் இல்ல." படங்களை ஏற்றி வாங்கியிருந்த போனை நீட்டினாள். "ஆஸ்பத்திரிப் படம் வரல. பேரு வச்ச அன்னைக்கு எடுத்ததும் வரல."

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"வைரஸ் அழிக்கல" என்றாள். "பார்மட் அடிக்கவான்னு பிளக்ஸ் கடைக்காரன் கேட்டான். நான்தான் தலையாட்டுனேன். அவுகளுக்குப் போஸ்டர் அடிக்கப் போனேன். அந்தப் போஸ்டரே மேல ஏறி உக்காந்து மிச்சத்தை அழிச்சிட்டு. வேணும்னு செய்யலங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னுருப்பீய."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன். போஸ்டர்ல அவளைப் பாக்க எனக்குப் பிடிக்காது." அவன் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். "கோவமா வருது, மஞ்சு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவள் தலை குனிந்து நின்றாள். அவன் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பாறையிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஆஸ்பத்திரியில நான் எடுத்தது ஒண்ணு கலங்கலா இருக்கும். கை நடுங்கிட்டு. அவ மூஞ்சி பாதிதான் விழுந்திருக்கும். பிள்ளையைத் துணியில சுத்தி வச்சிருந்தா. 'மூக்கு உங்க அக்கா மூக்குங்க, போச்சு போங்க'ன்னு சொல்லிச் சிரிச்சா."

கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் இராமலட்சுமியைப் பற்றி அவன் அவளிடம் சொன்ன முதல் சங்கதி அது. மஞ்சு மூச்சுவிடாமல் கேட்டாள். அந்தப் படம் எந்த டிவியிலும் இனி வராது. ஆனந்திக்கு அது தெரிய வேண்டுமென்றால் இனி இவன்தான் சொல்ல வேண்டும்.

"பேரு வச்ச அன்னைக்கு?" என்று கேட்டாள்.

அருவிப் பக்கமிருந்து யாரோ விசிலடித்துக் கூப்பிட்டார்கள். அவன் போனை அவள் கையில் திணித்துவிட்டு நாலு எட்டு நடந்தான். நின்று, திரும்பினான்.

"அக்காட்ட தலையாட்டுன கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. வைரஸுன்னே இருக்கட்டும்."