அடுத்து வாங்குகிறவர்

அந்த வீட்டை அடுத்து வாங்கப் போகிறவர், இப்போது வாங்கியவர்கள் குடிவந்த மூன்றாவது மாதமே அங்கே வந்து தங்கிவிட்டார். முதலில் வாசலில் ஒரு ஜோடி புதுச் செருப்பு கிடந்தது. கார் இல்லாத அந்த வீட்டின் கார் ஷெட்டில் எண்ணெய்க் கறை விழுந்தது. ஹாலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவின் ஓரத்தில் ஆளே உட்கார்ந்திருந்தார். தெருவில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த மாதம் சிமென்ட் விலை ஏறியிருந்தது. பேசுவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

அவரை வரவழைத்தவர் வீட்டுக்காரர்தான். பாத்ரூம் சாமான்களும் குழாய்களும் விற்கும் கடை அவருடையது. ஒரு குழாயை விற்கும்போதே, அது திரும்பி வந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிற மனிதர். வீடு தேடி அலைந்த இரண்டு வருஷமும், பிடித்திருக்கிறதா என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "நமக்குப் பிடிச்சு என்ன ஆகப்போகுது? அடுத்து வாங்குறவனுக்குப் பிடிக்கணும்" என்பார். காற்று பிய்த்துக்கொண்டு வந்த வீட்டை, பக்கத்துப் பள்ளிக்கூட மணி விலையைக் குறைக்கும் என்று தள்ளினார். தோட்டம் வைத்த வீட்டில் நின்று, இந்தச் சருகையெல்லாம் யார் கூட்டுவது என்று, இன்னும் பிறந்தானோ இல்லையோ தெரியாத ஒருவன் சார்பில் அலுத்துக்கொண்டார். கடைசியில் இரண்டு பாத்ரூமும் கார் ஷெட்டும் உள்ள மூலை வீட்டை முடித்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இருவருக்குமே பிடிக்காத வெள்ளைதான் பெயின்ட், ஏனென்றால் அது யாரையும் முறைக்காது. இரண்டாவது பாத்ரூம் குழாயில் ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் பூட்டிக் கிடக்க, காலையில் கணவனும் மனைவியும் ஒற்றை பாத்ரூமுக்கு வரிசையில் நின்றார்கள்.

மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். அவருடைய மெஷினுக்கு இடம் கிடைத்தது படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவிலுள்ள நடையில். யாராவது குறுக்கே போக வேண்டுமென்றால் அவர் நாற்காலியோடு எழுந்து சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"அந்த ஷெட்டைக் குடுங்க. ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர் மொத்தமா வருது. துணி வெட்ட இடம் இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

"கார் நிக்கிற இடத்தை அடைச்சா வீடு பாதி விலைக்குத்தான் போகும்."

"நம்மகிட்ட கார் எங்கங்க இருக்கு?"

"அவன்கிட்ட இருக்குமே!"

இப்படி அவன் அவன் என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் வந்து சேர்ந்தார். வந்தவருக்கு நிலையான உருவம் இல்லை. டாக்டர்கள்தான் இப்போது வீடு வாங்குகிறார்கள் என்று கடையில் யாராவது சொன்னால், அன்று மாலை அவருக்குத் தொப்பையும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் என்றால் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார். சந்தை படுத்த வாரத்தில் ஒல்லியாகிப் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார்.

ஆர்டரை உறுதி செய்யக் கடைசி நாள் வந்தபோது மனைவி நேராக அவரிடமே போனார்.

"அண்ணே, உங்க பேரைச் சொல்லித்தான் என்னை நடையில உக்கார வச்சிருக்காரு. நெசமா உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவர் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்ற தன் பேன்ட்டைக் குனிந்து பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல தங்கச்சி. இந்தப் பேன்ட்டைக் கொஞ்சம் இறக்கிக் குடுத்தாப் போதும். காலையில சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஷெட்டு?"

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாதே."

மாலையில் கடைக்காரர் திரும்பியபோது ஷெட்டில் வெட்டுமேஜை ஏறியிருந்தது. அவர் கத்த வாயெடுத்தார். "நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்" என்றார் சோபாக்காரர். வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லும் வழக்கம் கடைக்காரரின் பரம்பரையிலேயே கிடையாது. மேஜையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

வருஷங்கள் ஓடின. ஷெட்டில் மெஷின்கள் கூடின, வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். ஓய்ந்த நேரத்தில் மனைவி சோபாக்காரரை நிற்க வைத்து, அன்றைய சந்தைக்கு அவர் என்ன அளவோ அந்த அளவுக்குச் சட்டையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். இதற்குள் விஷயம் புரோக்கர்கள் காதுக்குப் போயிருந்தது. "தண்ணி, வெளிச்சம், அகல ரோடு எல்லாம் எங்கயும் கிடைக்கும் சார். திருப்பி வாங்க ஆள் ரெடியா உக்காந்திருக்கிற வீடு இது ஒண்ணுதான்" என்று ஒரு புரோக்கர் ஊரெல்லாம் சொல்லி, கடைசியில் ஒரு மரக்கடை முதலாளியை அழைத்துவந்தார். கேட்டதற்கு இரண்டு மடங்கு தருவதாக முதலாளி சொன்னார். ஒரே நிபந்தனை: கார்கள் நிறுத்த ஷெட்டைக் காலி செய்து தர வேண்டும். கடைக்காரருக்குக் கண்கள் பளபளத்தன. ஷெட்டில் மெஷின் சத்தம் நின்றுவிட்டது.

முதலாளி பேனாவைத் திறந்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சோபாப் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க இங்கயேதான இருப்பீங்க?"

"தங்கச்சி எங்கயோ நானும் அங்கதான். என் அளவு தெரிஞ்சவங்க வேற யாரு இருக்காங்க? வீடு கிடக்கு, நூறு கிடைக்கும்."

முதலாளி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். புரோக்கர் கூரையைப் பார்த்தார். கடைக்காரர் அன்றிரவு சாப்பிடாமல் விரல் விட்டு எண்ணினார். வீட்டின் விலையை ஏற்றி வைத்திருந்தது மூலை மனையும் அல்ல, இரண்டாவது பாத்ரூமும் அல்ல என்று எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் வந்தது. மறுநாள் கொத்தனாரைக் கூட்டிவந்து, ஷெட்டுக்குப் பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னார். கதவையும் கான்கிரீட் தளத்தையும்கூட மாற்றச் சொன்னார்.

"இதனால விலை ஏறுமாங்க?" என்று மனைவி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏறும்."

"அப்ப அந்த ரெண்டாவது பாத்ரூம் சாவியையும் குடுங்க. வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு வேணும். அதுலயும் கொஞ்சம் ஏறட்டும்."

கொடுத்தார்.

இப்போது அந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. சிலர் தங்கமான மனிதர்கள், சிலர் ஃபேனை அணைக்காமல் எழுந்து போகிறவர்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறார்கள், சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், பிறகு அடுத்து வாங்குகிறவர் இருக்கிறாரா என்று விசாரிக்கிறார்கள். அவர் வெளியே போயிருந்தால், வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.