கடலுக்குத் திறந்த குளம்

தர்சிகா இரும்புக் குழாயைச் சேற்றிலிருந்து உருவி, உள்ளே இருந்ததைப் பலகையில் சரித்தபோது புஷ்பவதிக்கு அது மண்ணாகவே தெரியவில்லை. கறுத்து, மினுங்கி, அழுகிய முட்டை மணத்தோடு வேர்நார்கள் பின்னிக் கிடந்தது. கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் காட்டுக்குள் எடுத்தது அது. பக்கத்துப் பலகையில் இருந்ததோ வெளிறிப்போய், விரல் பட்டதும் உதிர்ந்தது.

"இது எங்கட குளத்து மண்ணோ?" என்று வெளிறியதைக் காட்டிக் கேட்டாள் புஷ்பவதி.

"ஓம் அக்கா. மரம் காத்தில இருந்து எடுக்கிற கரியை, காபன் எண்டு சொல்லுறதை, சேத்துக்குள்ள இறக்கி வைக்கும். உப்புத்தண்ணி மூடிக் கிடக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். அணை கட்டிக் காயவிட்டா, திரும்பக் காத்தோட போயிடும்."

தர்சிகா திருகோணமலையிலிருந்து வரும் ஆய்வாளர். கட்டைபறிச்சான் ஊர்ப் பெண்கள் இரண்டு முறை நட்ட கண்டல் கன்றுகள் ஏன் பட்டுப்போயின என்று பார்க்க வந்தவள். அவளுடைய முடிவு சுருக்கமானது: கன்றில் பிழையில்லை, கடல்நீர் வந்துபோக வழியில்லை. வழியை மறித்து நின்றது இறால் குளத்து அணை. அந்தக் குளம் புஷ்பவதியின் கணவர் தம்பிராசா கண்டலை அழித்து வெட்டியது.

முதல் அறுவடையோடு நோய் வந்து இறாலெல்லாம் செத்து மிதந்த பிறகு, அந்தப் பக்கம் போவதையே அவர் விட்டிருந்தார். இப்போது யாரோ ஒரு முதலாளி குத்தகைக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்ததில், கொஞ்ச நாளாக அவர் நடையிலேயே ஒரு துள்ளல். அதைக் கெடுக்கப்போவது தான்தான் என்பது புஷ்பவதிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் தயங்கவில்லை. பெண்கள் சங்கத்துக்குத் தலைவி அவள். காடு அழிந்தபிறகு நண்டுக்கும் மீனுக்கும் எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்பதைக் காலால் நடந்து அறிந்தவள்.

மத்தியானம், சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"அணையை உடைக்கோணும்."

அவர் பிசைந்த கையை நிறுத்தினார். "அது நான் கட்டினது. உன்ர கையால வெட்டுவியோ?"

"ஏலாதெண்டு நினைக்காதேங்கோ. ஆனா நீங்க வெட்டினாத்தான் எனக்குச் சந்தோசம்."

அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். அவள் அவருடைய சோற்றை மூடிவைத்துவிட்டுத் தன் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் காலை மண்வெட்டிகளோடு பெண்கள் போனபோது தம்பிராசா அணைமேல் உட்கார்ந்திருந்தார். சங்கத்துக்கு உதவ மூதூரிலிருந்து வந்திருந்த சுபைதா, "இண்டைக்கு விடுவமோ?" என்று காதுக்குள் கேட்டாள். புஷ்பவதி தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நேரே நடந்து அவர் முன்னால் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த தர்சிகாவைப் பார்த்தார்.

"பிள்ளை, இதை உடைச்சா இறால் வருமோ?"

"நீங்க வளத்தமாதிரி வராது அண்ணை. தானா வாறது கொஞ்சம் கொஞ்சமா வரும்."

"காடு?"

"வரும். கன வருசம் எடுக்கும். மண்ணுக்குள்ள இருந்து போன கரி முழுக்கத் திரும்பிவர என்ர ஆயுசு காணாது."

கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் என்ன இந்தப் பிள்ளைக்கு என்று புஷ்பவதிக்கு ஒரு கணம் கோபம் வந்தது. தம்பிராசா அணைமண்ணில் ஒரு கட்டியை எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"குளம் வெட்டச் சொன்னவங்கள் ஆறு மாசத்தில வீடு கட்டலாம் எண்டவங்கள்," என்றார். "குத்தகைக்கு வந்தவனும் அந்தக் கதைதான் கதைக்கிறான்." பிறகு எழுந்து, மனைவியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார். "பழைய ஓடை இதாலதான் போனது. தள்ளி நில்லுங்கோ."

இறுகிப்போயிருந்த மண் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. பெண்கள் இருபுறமும் நின்று வெட்டினார்கள். சுபைதா வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டினாள். கடல் ஏறும் நேரத்தில், வெட்டின் அடியில் ஒரு நூல்போலத் தண்ணீர் கசிந்து, இலைச் சருகுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. பிறகு ஓரமண் தானாகவே பொதபொதவென்று சரிந்தது. தம்பிராசா ஓரடி பின்வாங்கினார், பின்பு இன்னொரு அடி. புஷ்பவதி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெடித்துக் கிடந்த தரையில் தண்ணீர் அவசரமில்லாமல் பரவியது. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி நிரப்பியது. உள்ளே அடைபட்டிருந்த காற்று குளம் முழுக்கக் குமிழ் குமிழாகக் கிளம்பி, வெயிலில் உடைந்துகொண்டே இருந்தது.