இல்லை என்று சொன்ன லயம்

மாமியார் பேரில் மருமகள் கொழுந்து பறிப்பது அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாத சங்கதியல்ல. ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை "ராசம்மா" என்பார். சண்முகவடிவு "ஐயா" என்று முன்னால் வருவாள். அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளைக்கு வானத்தில் மேகம் பார்க்கிற வேலை வந்துவிடும்.

வேறு வழியில்லை. ராசம்மாவின் முழங்கால் போன மழைக்கே பானை மாதிரி வீங்கிவிட்டது. அவள் மகன் விஜேந்திரன் ஹட்டன் பஜாரில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தான். தினமும் காலையில் முதல் பஸ்ஸில் போய் இரவில் வருவான். தோட்டத்தில் அவனுக்குப் பேர் கிடையாது. பதிவில் இருந்த ஒரே பேர் ராசம்மாவுடையதுதான். வேலைக்கு ஆள் போகாவிட்டால் பேரை வெட்டுவார்கள், பேரை வெட்டினால் லயத்துக் காம்பராவும், தோட்டம் குடுத்த அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையும், போய்விடும். அதனால் மருமகள் கூடையைத் தூக்கினாள்.

ஆனால் வடிவு இந்த நாட்டுக்காரி அல்ல. கூடலூரில் பிறந்து, அங்கேயும் தேயிலைக்குள்ளேயே வளர்ந்தவள். கல்யாணம் கட்டி இங்கே வந்து நாலு வருசம். ஒவ்வொரு வருசமும் கொழும்புக்குப் போய் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும். கணவனோடு இருக்கலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது என்று அந்த விசாவில் அடித்திருந்தது. செய்து பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னது அவள் காதிலேயே இருந்தது. மகள் தர்ஷிகா இங்கே பிறந்த பிள்ளை, இந்த நாட்டுப் பிள்ளை. அனுப்பினால் தன்னை மட்டும்தானே அனுப்புவார்கள் என்பது வரைக்கும் வடிவின் யோசனை போகும். அதற்குமேல் போகாது. அவளே அதைப் பிடித்து நிறுத்திவிடுவாள்.

அன்று மழை விட்டிருந்தது. பக்கத்து நிரையில் நின்ற வேலாயி, லயத்தில் அடுத்த காம்பராக்காரி, வழக்கம்போல வாயைத் திறந்தாள்.

"ராசம்மாக்கா, கொஞ்சம் மெதுவா பறிங்க. அறுவது வயசு நெருங்குற நேரத்துல உங்களுக்கு இப்படி எளமை திரும்புனா நாங்கல்லாம் என்ன ஆகுறது? கொழுந்து நிறுக்கையில கணக்கப்புள்ள கேக்குறாரு, ராசம்மா என்ன டொனிக் குடிக்குதுன்னு."

"சும்மா இருங்கக்கா. யார் காதுலயாவது விழப் போவுது."

"விழட்டுமே. ராசம்மாவத்தானே சொன்னேன், இந்தியாக்காரியவா சொன்னேன்?"

வேலாயியின் மடியில் இருந்த போன் அடித்தது. லயத்திலிருந்து ஒரு அக்கா. எடுத்துக் காதில் வைத்தவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு வடிந்தது. "சரிக்கா. சரி. அனுப்ப மாட்டேன்," என்று வைத்தாள்.

"வடிவு, உக்காரு."

"என்னக்கா?"

"உக்காருங்குறேன்ல. கானுக்குள்ள எறங்கு. தலைய வெளிய காட்டாத."

வடிவு கூடையோடு, மழைத் தண்ணீர் ஓட நிரைகளுக்கிடையே வெட்டியிருந்த அந்தக் கானுக்குள் இறங்கிக் குந்தினாள். தண்ணீர் கணுக்கால்வரை ஓடியது. வேலாயி நிமிர்ந்து பறித்துக்கொண்டே, உதடு அசையாமல் பேசினாள்.

"லயத்துக்கு வெள்ள ஜீப்பு வந்திருக்காம். எமிகிரேசன் ஆளுங்களாம். இந்தியாவுல இருந்து வந்த பொம்பள எங்கன்னு கேக்குறாங்களாம்."

வடிவுக்கு முதலில் பயம் வரவில்லை, காதுதான் அடைத்துக்கொண்டது. தேயிலைத் தூரில் ஒரு அட்டை நெளிந்துகொண்டு அவள் முழங்கையைத் தேடி வந்தது. அதைத் தட்டிவிடக்கூடக் கை எழவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? கடையில் சீனி வாங்கும்போது ஊரைக் கேட்ட அந்த ஆளா? நிறுவையில் தன்னோடு சண்டை போட்டவளா? ஒவ்வொரு முகமாக வந்து போனது. போன கிழமை வரைக்கும் நல்ல முகங்களாக இருந்தவை எல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தன. தர்ஷிகா பிள்ளைக்காம்பராவில் இருந்தாள். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டடம் ரோட்டோரத்திலேயே இருந்தது.

"பயப்படாத புள்ள," என்றாள் வேலாயி. "உங்க அத்தை சொல்லிட்டாங்களாம், அப்படி யாரும் இங்க இல்லன்னு. மேக்காம்பராவுல இருந்து கீக்காம்பரா வரைக்கும் எல்லாரும் ஒரே பேச்சுதானாம். வடிவா, அது யாரு, எங்களுக்குத் தெரியாதேன்னு. ஒரு வாய் பிசகலயாம்."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அந்த லயத்தில் ஜீப் என்றால் ஒரே அர்த்தம். முன்னொரு காலத்தில், இன்னின்ன குடும்பம் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்திருந்தது. தவணை முடிந்தும் போகாமல் இருந்தவர்களை ஏற்ற ஜீப் வரும். அப்போது ராசம்மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பால்குடி மறந்த நாளிலிருந்து பெரியம்மா வீட்டில் வளர்ந்ததால் அவள் தப்பினாள். அப்பாவும் அம்மாவும் எட்டு வயதுத் தம்பியும் ஜீப்பில் ஏறினார்கள். அந்தத் தம்பிதான் வடிவின் அப்பா. கடலுக்கு அப்புறம் போனவனை எத்தனையோ வருசம் கழித்துப் போனில் கண்டுபிடித்து, "உன் மகளை என் மகனுக்குக் குடுடா" என்று கேட்டாள் ராசம்மா. அறுந்துபோன உறவு அப்படி ஒட்டியது. அதனால் ஜீப் வந்து பேரைக் கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த லயத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வடிவு வேலாயியின் போனை வாங்கிக் கணவனுக்கு அடித்தாள். பின்னால் இரும்புக் கம்பி இறக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க, எமிகிரேசன் வந்திருக்காங்க. நான் மலையில ஒளிஞ்சிருக்கேன். அத்தை நான் இல்லன்னு சொல்லிட்டாங்க."

கம்பிச் சத்தம் தூரமாகிப் போனது.

"கேக்குதாங்க?"

"அம்மா என்ன சொன்னாங்க? இன்னொரு தடவ சொல்லு."

"அப்படி யாரும் இங்க இல்லன்னு. லயமே சேந்து சொல்லிருச்சு."

"வடிவு, நான் சொல்றத நல்லா கேளு." விஜேந்திரனின் குரல் இறங்கிப் போயிருந்தது. "அவங்க உன்னய புடிக்க வரல. விசா புதுப்பிக்கக் குடுத்தோம்ல, அதுக்கு வந்திருக்காங்க. நீயும் நானும் நெசமாவே ஒரு வீட்டுல குடும்பம் நடத்துறோமா, இல்ல விசாவுக்காகக் கட்டிக்கிட்ட மாதிரி காட்டுறோமான்னு பாக்குறதுக்கு. வருவாங்கன்னு போன மாசமே சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் பயந்துக்குவீங்கன்னு நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"அப்ப நான் இல்லன்னு சொன்னது?"

"இல்லன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்கன்னா முடிஞ்சுது. பொய்க் கல்யாணம்னு ஆயிரும். ஜீப்பு கெளம்புறதுக்குள்ள போ."

"நான் கொழுந்து மலையில நிக்கிறேங்க. இந்தக் கோலத்துல எப்படிப் போறது?"

"நான் வர்றேன்," என்றான். "வர்றேன்," என்று இன்னொரு தடவையும் சொன்னான்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வடிவு கானுக்குள்ளேயே நின்றாள். வெளியே போனால் வேலை செய்ததற்காக அனுப்புவார்கள். உள்ளேயே இருந்தால் இல்லாததற்காக அனுப்புவார்கள். விசயத்தைக் கேட்ட வேலாயிக்கும் தலை சுற்றியது.

"எனக்கு மண்டையில ஏறல புள்ள. ஒளிஞ்சாலும் அனுப்புவாங்க, வந்து நின்னாலும் அனுப்புவாங்கன்னா மனுசன் எங்கதான் நிக்கிறது?"

வடிவு கூடையைக் கழற்றி வேலாயியின் காலடியில் வைத்தாள். பிறகு குறுக்குப் பாதையில் ஓடினாள். சேறு வழுக்கியது. ஒரு இடத்தில் விழுந்து, தேயிலைச் செடியைப் பிடித்து எழுந்தாள். கீழே ஜீப் திரும்புவதற்காகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. அவள் ரோட்டில் குதித்தபோது அது நேரே அவளைப் பார்த்து வந்தது. அவள் விலகவில்லை. விலக வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பிரேக் கிறீச்சிட்டு நின்றது.

கண்ணாடி போட்ட ஒரு வயதான அதிகாரி இறங்கினார். கையில் பைல்.

"யாரு நீ?" என்றார். தமிழ் அவர் வாயில் தட்டுத் தடுமாறியது.

"வடிவு. விஜேந்திரன் சம்சாரம்."

அவர் பைலைத் திறந்து படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அந்த அம்மா சொன்னது, அப்படி ஆள் இல்லை. எல்லாம் சொன்னது இல்லை."

"மாமியாருங்க. பயத்துல சொல்லிட்டாங்க."

அவர் கண் கீழே இறங்கியது. அப்போதுதான் வடிவுக்கு உறைத்தது. கூடையைக் கழற்றியவள் இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்ற மறந்திருந்தாள். புடவை நனையாமல் இருக்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுகிற அந்தத் துண்டு, சேற்றோடு முழங்கால்வரை தொங்கியது. விரல்கள் பத்திலும் கொழுந்துக் கறை, நகக்கண் வரைக்கும் கறுப்பாக. விரல்களை மடக்கினாள். மடக்கினால் இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி இருந்தது.

"ஏறு. வீட்டுக்குப் போவோம்," என்றார் அவர்.

லயத்து வாசலில் ராசம்மா நின்றாள். ஜீப்பிலிருந்து மருமகள் இறங்குவதைப் பார்த்ததும், பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்தியா, ஐயா, கொழுந்து எடுக்குறது நான்தான். என் பேருலதான் இருக்கு, போய்ப் பாருங்க. இந்தப் புள்ள எனக்குச் சோறு கொண்டாந்துச்சு, அவ்வளவுதான். அது ஒரு கொழுந்துகூடக் கிள்ளல."

கொழுந்தைப் பற்றி அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அதிகாரி ராசம்மாவின் விரல்களைப் பார்த்தார். அரிசி களைந்து வெளுத்த சுத்தமான விரல்கள். முழங்காலைப் பார்த்தார். வடிவின் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"முதல் ஏன் இல்லை சொன்னது?" என்று கேட்டார்.

"முன்ன ஜீப்பு வந்தப்ப இருக்குன்னு சொன்னோம் மாத்தியா. என் தம்பிய ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். கைகூடக் கழுவ விடல."

அது எந்த ஜீப், எந்தத் தம்பி என்று அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பிறகு குனிந்து காம்பராவுக்குள் போனார். கொடியில் கிடந்த ஆம்பிளைச் சட்டையைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் இருந்த பெரிய செருப்பையும் சின்னச் செருப்பையும் பார்த்தார், சுவரிலிருந்த கல்யாணப் படத்தை நெருங்கிப் பார்த்தார். வெளியே வந்து பைலை ஜீப்பின் மூக்கில் வைத்து எழுதத் தொடங்கினார். சிங்களத்தில் எழுதினார். வடிவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஒன்றாக இருக்கிறார்கள் என்று எழுத இவ்வளவு நேரம் பிடிக்குமா? அவர் பக்கத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கத்திலும் எழுதினார்.

முச்சக்கரவண்டி ஒன்று இரைந்துகொண்டு வந்து நின்றது. விஜேந்திரன் இரும்புத்தூள் படிந்த சட்டையோடு இறங்கி ஓடி வந்தான். வரும் வழியிலேயே பிள்ளைக்காம்பராவில் நிறுத்தி மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அதிகாரியிடம் சிங்களத்தில் படபடவென்று பேசினான். அவர் கையைக் காட்டி அவனை அமர்த்தினார். மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான். அவள் படங்கைப் பார்த்தான், பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பினான்.

"படம் ஒண்ணு வேணும்," என்றார் அதிகாரி. "மூணு பேரும். வீட்டு முன்னால்."

மூவரும் வாசலில் நின்றார்கள். ராசம்மா எங்கே நிற்பது என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி படம் எடுக்கப் போனைத் தூக்கினார். வெகுநேரம் அதற்குள் பார்த்தார். பிறகு போனை இறக்கினார்.

"இடுப்பில் அது எடு," என்றார்.

வடிவு முடிச்சைத் தேடினாள். நனைந்த முடிச்சு அவிழவில்லை. விஜேந்திரன் குனிந்து அவிழ்த்து, சுருட்டி உள்ளே எறிந்தான்.

அவர் மறுபடியும் போனைத் தூக்கினார். மறுபடியும் இறக்கினார்.

"கை," என்றார். "கை பின்னால் போடு."

வடிவு கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். படம் விழுந்தது. அதிகாரி ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. கொழும்பில் இருந்து கடுதாசி வரும் என்று விஜேந்திரனிடம் மட்டும் சிங்களத்தில் சொன்னார். ஜீப் வளைவில் இறங்கியது.



"நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது," என்றாள் ராசம்மா. "நானே காட்டிக் குடுத்துட்டேன். ரெண்டாவது பக்கத்துல அதத்தான் எழுதுனாரு."

"இல்லம்மா," என்றான் விஜேந்திரன். "எழுதுறவர் ஏன் கைய மறைக்கச் சொல்றாரு?"

"மொதல்ல எழுதிட்டு அப்புறம் எரக்கப்பட்டா?"

தர்ஷிகா அப்பாவின் தோளிலிருந்து இறங்கி, அம்மாவிடம் தூக்கச் சொல்லிக் கையைத் தேடினாள். முன்னால் இல்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போய், கோத்திருந்த விரல்களில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். ஜீப்பின் சத்தம் கீழே தேயிலைக்குள் போய்த் தேய்ந்து, இல்லாமல் போனது. வடிவு கையை முன்னால் எடுக்கவில்லை.