கதவு நம்பர்

கிசோக்குக்குக் கைதட்டல் விழுந்ததும் அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற ஹேரிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொரியாவின் இஞ்சியோனில் அவர்கள் பங்குக் கோயிலின் கீழ்த்தளத்தில் திருமணத் தயாரிப்பு வகுப்பு. இதற்கு வராமல் பங்குச் சாமியார் எந்த ஜோடிக்கும் தேதி கொடுப்பதில்லை. வகுப்பை நடத்தியவர்கள் மத்தேயுவும் அவர் மனைவி மோனிகாவும். ஒருவர் தன் மனக்குறையைச் சொல்ல வேண்டும். மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்டு, அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் பயிற்சி.

கிசோக்குக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனியில் அவன் வேலையே போனில் புகார் கேட்பதுதான். நாள் முழுக்க யார் யாரிடமோ வசவு வாங்கி, "உங்க வருத்தம் புரியுதுங்க" என்று குழைந்து சம்பளம் வாங்குகிறவன்.

"எங்கம்மா நெனச்ச நேரம் கதவுப் பூட்டோட ரகசிய நம்பர அழுத்திட்டு உள்ள வந்துருவாங்கன்னு உனக்குப் பயமா இருக்கு" என்றான், அதே குழைவோடு. "உங்க அக்கா வீட்டுல அவங்க மாமியா படுக்கையறை வரைக்கும் வந்து நின்னாங்க. அந்த மாதிரி ஆயிடக்கூடாது. நம்பர் நம்ம ரெண்டு பேரோடயே இருக்கணும்னு கேக்குற. சரியா சொன்னேனா?"

"பாத்துக்கோங்கப்பா, புருஷன்னா இப்படிக் கேக்கணும்!" என்று மத்தேயு கைதட்ட, எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். பக்கத்து ஜோடியில் இருந்த பெண் தன் ஆளை முழங்கையால் இடித்தாள். "நீயும் இருக்கியே, கல்லுளிமங்கன்!"

"சரி, அம்மாவுக்கு நம்பர் குடுப்பியா, மாட்டியா?" என்றாள் ஹேரிம்.

"நீ ஒரு உறுதிய எதிர்பாக்குற. எனக்குப் புரியுது."

"மெஷின் ஒழுகுதுன்னு கத்துறவங்ககிட்டப் பேசுற குரல எங்கிட்டக் காட்டாத!"

"கோவப்படாதம்மா, தம்பி நல்லாத்தானே பேசுறாரு" என்றார் மத்தேயு.

நன்றாகப் பேசினான். அதுதான் வினையே. வீடு பார்த்த நாளிலிருந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறான். ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை.

மேஜை மேல் இருந்த அவன் போன் மினுங்கியது. அம்மாவிடமிருந்து ஒரு படம். குடிபோகாத அவர்கள் வீட்டுச் சமையலறை, இவள் பார்த்துப் பார்த்து வாங்கிய ஃப்ரிட்ஜ், அதற்குள் அடுக்கடுக்காகக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாக்கள். கிசோக் கையை நீட்டுவதற்குள் ஹேரிம் போனை எடுத்துவிட்டாள்.

"எப்பக் குடுத்த?"

"நான் எப்பக் குடுத்தேன்னு நீ..."

"திருப்பிச் சொன்ன, பல்ல ஒடச்சிருவேன். பதில் சொல்லு."

மத்தேயு வாயைத் திறந்தார். மோனிகா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "பதில் சொல்லுங்க தம்பி" என்றாள்.

கிசோக் தரையைப் பார்த்தான். "வீட்டுப் பத்திரம் எழுதுன அன்னைக்கு."

அன்றைக்கா? அதற்குப் பிறகுதானே இவள் கெஞ்சியதும், அழுததும், அக்கா பட்ட பாட்டைச் சொன்னதும். அத்தனைக்கும் தலையாட்டிவிட்டு, புரியுது என்று கையைத் தடவிக்கொடுத்தானே! நம்பரைக் கொடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்தத் தடவலை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவன் போனிலிருந்தே அவன் அம்மாவைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, ஹேரிம் பேசுறேன்."

"கண்ணு, நீயா! முள்ளங்கிக் கிம்ச்சிய மேல் தட்டுல வச்சிருக்கேன். உன் சாமானெல்லாம் கீழ தள்ளிட்டேன், கோவிச்சுக்காத."

"கோவமில்ல அத்தை. நான் அந்த வீட்டுக்கு வரப்போறதில்ல. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். ஏன்னு உங்க புள்ள சொல்லுவான், ரொம்ப நல்லா சொல்லுவான்."

"ஹேரிம்..." என்று கிசோக் எழுந்தான். போனில் ஃப்ரிட்ஜ் கதவு சாத்துகிற ஓசை கேட்டது.

"அப்படின்னா," என்றாள் அத்தை மெதுவாக, "கதவு நம்பர யாரும் மாத்த மாட்டீங்கல்ல?"

"மாத்த மாட்டோம் அத்தை" என்று சொல்லி, போனைக் கிசோக்கின் நாற்காலியில் வைத்துவிட்டு ஹேரிம் தன் கோட்டை எடுத்துக்கொண்டாள்.