கடல் திருப்பித் தந்த கசற்

மட்டக்களப்பில் பாடும் மீனுக்கு இருக்கிற மரியாதை மனிதருக்குக் கிடையாது. ஊர் நுழைவாயில் வளைவில் மீன், பள்ளிக்கூடச் சின்னத்தில் மீன், கேக்கின் மேல் ஐசிங்கில் கூட மீன். அப்படிப்பட்ட ஊரில் 1981ஆம் ஆண்டு போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த நான்கு பறங்கியர் சேர்ந்து ஒரு பாண்ட் தொடங்கி, அதற்குக் ‘கத்துமீன்’ என்று பெயரும் வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? மாதா கோயில் வாசலிலேயே திட்டித் தீர்த்தது.

நைஜல் கிற்றார், ஹோரேஸ் பேஸ் கிற்றார், லெஸ்டர் ட்ரம்ஸ், கொன்ஸ்டன்ஸ் பாட்டு. அதுவரை கலியாண வீடுகளில் பைலா வாசித்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாய் இருந்தவர்கள்தான். நைஜலின் மாமா லண்டனிலிருந்து அனுப்பிய ஒரு பங்க் இசைக் கசற் அவர்களைக் கெடுத்துவிட்டது. கிற்றாரில் மூன்று கோட் பிடிக்கத் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கோபம் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதிலிருந்து அவர்கள் படித்த பாடம். கோபத்துக்கு அந்த வருடம் இந்த நாட்டில் பஞ்சம் இருக்கவில்லை.

கொன்ஸ்டன்ஸ் பாடினாள் என்று சொன்னால் பொய். நாள் முழுக்கத் தையல் மெஷினுக்கு முன்னால் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவள், மைக்கைக் கண்டதும் அத்தனை நாளுக்கும் சேர்த்துக் கத்தினாள். லெஸ்டருக்கு லேத் பட்டறையில் வேலை. ட்ரம்ஸில் பாதி அவனே அடித்துப் பொருத்தியது, ஒன்று மண்ணெண்ணெய்ப் பீப்பாய். ஒவ்வொரு பாட்டையும் தொடக்கி வைப்பவன் அவன்தான். எல்லாரும் நாலு வரை எண்ணுவார்கள். லெஸ்டர் நாலைச் சொல்லவே மாட்டான். “ஒண்டு, ரெண்டு, மூண்டு, ஓடு!” என்பான். அந்த ‘ஓடு’வில் நான்கு பேரும் அவிழ்த்துவிட்ட மாடுகளைப் போலப் பாய்வார்கள். யார் முதலில் முடிக்கிறார் என்பது கடைசி வரை தெரியாது.

ஸ்ரூடியோ வாசலை அவர்கள் மிதித்ததில்லை. இருந்தது ஒரே ஒரு கசற். கோயில் மண்டபக் கச்சேரியில், ஏறாவூரில் ரேடியோ திருத்தும் சரீப், மூன்றாவது வரிசையில் ஒரு கதிரைமேல் பற்றரி றெக்கோடரை வைத்து எடுத்தது. அதைக் கேட்ட பிறகு சுத்தமான ஒலிப்பதிவு எதுவும் ருசிக்காது. இரண்டாம் பாட்டில் சரீப் இருமுவார். நான்காவதில் ஒரு பெண், “ஐயோ, ஃபாதர் வாறார்!” என்பாள். ஆறாவதில் கரண்ட் போய்விடும். கிற்றார்கள் செத்துவிடும், மைக் செத்துவிடும். லெஸ்டர் மட்டும் நிறுத்தாமல் அடிப்பான். பிறகு சனம் காலால் தரையில் அடிக்கத் தொடங்கும். கரண்ட் இல்லாத அந்த இரண்டு நிமிடத்தில் மண்டபமே பாண்டாகிவிடும். கரண்ட் திரும்பி வந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே லெஸ்டரின் குரல்: “ஒண்டு, ரெண்டு, மூண்டு, ஓடு!”

பாண்ட் இரண்டு வருடம்தான் இருந்தது. 83 கலவரத்துக்குப் பிறகு நைஜல் மெல்பேணுக்குப் போனான். ஹோரேஸ் சில வருடத்தில் மஞ்சள்காமாலையில் செத்தான். லெஸ்டரும் கொன்ஸ்டன்ஸும் கலியாணம் முடித்து டச்பார் என்கிற இடத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, இருபத்தொரு வருடம் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கலியாண நாள் வந்தால் கசற் ஓடும். எந்தச் சத்தத்துக்குப் பின்னால் எந்தச் சத்தம் வரும் என்பது இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

2004 டிசம்பரில், நத்தாருக்கு மறுநாள் காலை, கேற்றடியில் நின்ற லெஸ்டர் கடலைப் பார்த்துவிட்டு, “ஓடு, கொன்னி, ஓடு!” என்று கத்தினான். அவள் ஓடினாள். அவன் அடுத்த வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஹெதரைத் தூக்கி வரப் போனான். இரண்டு பேரையும் மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள். வீடிருந்த இடத்தில் மணல் இருந்தது.

மெல்பேணிலிருந்து நைஜல் பால்மாவும் மருந்தும் கொண்டு ஓடிவந்தான். நல்லவன் என்று ஊரே மெச்சியது. தன்னாமுனையில் ஒரு வாடகை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கொன்ஸ்டன்ஸ் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நைஜல், அந்தக் கசற்றும் போயிட்டா?”

“ஓம் கொன்னி,” என்றான் அவன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “கடல் எல்லாத்தையும் கொண்டு போட்டுது.”

அந்த நாட்களில் கடல் கொண்டுபோனது என்றால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

முகத்துக்கு ஒரு படம் தப்பியிருந்தது. குரலுக்கு ஒன்றுமில்லை. முதல் வருடம் லெஸ்டரின் குரல் அவள் காதிலேயே இருந்தது. இரண்டாம் வருடம் தேடினால் வந்தது. மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம், ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தபோது, அவன் சொன்ன சொற்கள் ஞாபகம் இருக்கின்றன, சொன்ன குரல் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தாள். புருஷனை இரண்டாம் தரம் பறிகொடுத்தது போலிருந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் கடற்கரைப் பக்கம் போனால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். கடலோடு அவளுக்கு அவ்வளவு பகை.

2009இல் யுத்தம் முடிந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லாம் ஊர் பார்க்க வந்த அந்த வருடக் கடைசியில் நைஜலும் வந்தான். தலைமயிர் போய், வயிறு வந்து, காதில் மட்டும் பழைய வளையம்.

“கொன்னி, கண்ணை மூடு. கையை நீட்டு.”

நீட்டினாள். கையில் ஒரு சீடி இருந்தது. அட்டையில் அவர்கள் நான்கு பேரின் பழைய படம். மேலே ‘கத்துமீன்: மூல அணியின் நேரடி ஒலிப்பதிவு’. கீழே சிவப்பில், ‘கடல் திருப்பித் தந்த நாடா’. உள்ளே, ‘எங்கள் லெஸ்டரின் அன்பு நினைவுக்கு’.

அவள் அட்டையை இரண்டு தரம் வாசித்தாள். “இது எப்பிடி? எங்கயிருந்து?”

“வலையில ஆருக்கோ ஒரு பிஸ்கற் ரின் மாட்டியிருக்கு. அதுக்குள்ள இருந்ததாம். கை மாறிக் கை மாறி எனக்கு வந்து சேந்தது. நீ அழாத. இருபத்தாறாந் தேதி பின்னேரம் மண்டபத்தில கச்சேரி வெச்சிருக்கன். மூல அணியில இப்ப நீயும் நானும்தான் மிச்சம். நீ பாடத்தான் வேணும்.”

“லெஸ்டர் எண்ணுறது இருக்கா?”

“எல்லாம் இரிக்குது,” என்றான் நைஜல், மணிக்கூட்டைப் பார்த்தபடி.

அவன் போன பிறகு அவள் முதல் வேலையாக, ஐந்து வருடம் திட்டித் தீர்த்த கடலிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். சிரிக்காதீர்கள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

அவளிடம் சீடி போடுகிற பெட்டி இல்லை. இருந்திருந்தாலும் இதை அவள் தனியாகக் கேட்டிருக்கமாட்டாள். அடுத்த பஸ்ஸில் ஏறாவூருக்குப் போனாள். அவள் ‘காக்கா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் சரீப் அதே கடையில், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“வா தங்கச்சி, வா! எத்தின வருசமாப் போச்சு!”

“காக்கா, இதப் போடுங்க. கதைக்காமப் போடுங்க.”

போட்டார். ஸ்பீக்கரில் சனத்தின் இரைச்சல் வந்தது. கொன்ஸ்டன்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ இப்போது, இதோ இப்போது என்று நெஞ்சு அடித்தது.

“வன், டூ, த்ரீ, ஃபோர்!”

நைஜலின் குரல். அன்றைய நைஜல் கூட இல்லை, ஐம்பத்திரண்டு வயதுத் தடித்த தொண்டை.

இரண்டாம் பாட்டுக்கும் அதேதான். மூன்றாவதுக்கும் அதேதான். ஃபாதர் வருவதாகச் சொன்ன பெண்ணைக் காணவில்லை, சரீப்பின் இருமலைக் காணவில்லை. ஆறாம் பாட்டில் கரண்ட் போகவே இல்லை. கழுவித் துடைத்து அயன் பண்ணி வைத்திருந்தார்கள். லெஸ்டரின் கை இருந்தது, அடி இருந்தது. வாயை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.

சரீப் கண்ணாடியைக் கழற்றினார். “இதென்ன வேல? நான் எடுத்தது இப்பிடியா இருந்திச்சு?” அட்டையை வாங்கி வாசித்தார். வாசித்ததும் முகம் மாறியது. “கடல் திருப்பித் தந்ததா? இது எப்ப கடலுக்குப் போன? நத்தாருக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி லெஸ்டர் இஞ்ச கொண்டந்து தந்தவன். பூஞ்சணம் புடிச்சிரிக்கி, துடைச்சு வைங்க காக்கா, கொன்னிக்குச் சொல்லிராதீங்க, கலியாண நாளைக்குப் புதுசாப் போட்டுக் காட்டப் போறன் எண்டான்.”

கொன்ஸ்டன்ஸ் அட்டையை அவரிடமிருந்து வாங்கினாள். “மறுகா? அதுக்குப் புறகு?”

“மறுகா என்ன, தண்ணி வந்திட்டு. நான் துடைச்செடுத்துக்கிட்டு உங்களத் தேடித் தன்னாமுனைக்கு வந்தன். வாசல்ல நைஜல் நிண்டான். இப்ப அவ கேக்கிற நெலமையில இல்ல காக்கா, என்னட்டத் தாங்க, நேரம் பாத்து நான் குடுக்கன் எண்டான். குடுத்தன்.” அவர் குரல் இறங்கியது. “நீங்க அதப் பத்திக் கதைக்கல்ல. கேட்டா அழுவீங்க எண்டு நானும் கேக்கல்ல. மையத்து விழுந்த வீட்டுக் கதையாச்சே.”

“கொப்பி ஒண்டும் எடுத்து வைக்கல்லயா?”

“இல்ல தங்கச்சி. ஒரிஜினல் வீட்டுக்குப் போயிட்டு எண்டு நெனச்சன்.”

கொன்ஸ்டன்ஸ் சீடியை அட்டைக்குள் போட்டு மூடினாள். நைஜல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடலைச் சொன்னானே, அந்த நேரம் கசற் அவன் பையில் இருந்திருக்கிறது. அவள் கேட்டாள், அவன் சொன்னான், இடையில் இரண்டு அடி தூரம். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஐந்து வருடம் அவள் கடலோடு கோபித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்தின் பின்னால் அவன் சொகுசாக உட்கார்ந்திருந்தான்.

ஆனாலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வெட்டியது சீடியில்தானே. மூலக் கசற் எங்கேயாவது அவனிடம் இருக்கும். அதைத் தந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம், காலில் விழுந்தென்றாலும் வாங்கிவிடலாம். அதனால் இருபத்தாறு வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் நான்கு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்து அறையில் நைஜல் கிற்றாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். கொன்ஸ்டன்ஸ் கதவைச் சாத்தினாள்.

“சரீப் காக்காவப் பாத்தன்.”

கிற்றார் நின்றது. பொய் சொல்லலாமா என்று அவன் முகம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு விட்டுவிட்டது.

“தாறத்துக்குத்தான் வாங்கினன் கொன்னி, சத்தியமா. அண்டைக்கு முதல்ல நான் ஒருக்காக் கேப்பம் எண்டு போட்டன். எண்ட வாழ்க்கையில நான் செஞ்ச உருப்படியான வேல அது ஒண்டுதான். குடுக்க மனம் வரல்ல. நீ கேட்ட நேரம் வாயில கடல்தான் வந்திச்சு. ஒருக்காச் சொல்லிட்டா, மறுகா எப்பிடித் திருப்பி எடுக்கிற?”

“அவர் எண்ணினத ஏன் வெட்டின?”

“அங்கத்த ஆக்களுக்கு அது பகிடி மாதிரிக் கேக்குதாம். தமிழில எண்ணி, கடைசியில ஓடு எண்டா...” அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“சரி. அது போகட்டும். கசற் எங்க? அதத் தா. நான் ஆரிட்டயும் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

நைஜல் தரையைப் பார்த்தான். “வீடு மாறக்குள்ள பழைய சாமானெல்லாம் கழிச்சன். சீடிதான் வந்திட்டே எண்டு...”

“எறிஞ்சிட்டியா?”

அவன் கிற்றாரின் ஒரு கம்பியைத் திருகினான்.

அவள் அழவில்லை. அடிக்கவும் இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “வா. சனம் காத்திருக்கு,” என்றாள். மன்னித்துவிட்டாள் என்று அவன் நினைத்தான். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும்.

மேடையில் நைஜல் மைக்கைப் பிடித்தான். கடல் எடுத்ததையும் கடல் திருப்பித் தந்ததையும் உருக்கமாகச் சொன்னான். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாவது வரிசையில் சரீப் இருந்தார். பக்கத்துக் கதிரையில் பழைய பற்றரி றெக்கோடர். காலையில் கொன்ஸ்டன்ஸ் ஆள் அனுப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

மெல்பேணிலிருந்து வந்த ட்ரம்ஸ்காரன் குச்சிகளைத் தூக்கி, “வன்...” என்று தொடங்கினான். கொன்ஸ்டன்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள். மைக்கை வாங்கினாள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் அந்தத் தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை.

“அந்தக் கசற்றக் கடல் எடுக்கல்ல! லெஸ்டர் துடைக்கக் குடுத்தது. எனக்கு வந்து சேர வேண்டியது. அத எடுத்தது இந்தா நிக்கிறானே, நைஜல், இவன்! எண்ட புருசன்ட குரல வெட்டிப்போட்டு, மிச்சத்தக் குப்பையில எறிஞ்சவன் இவன்!”

அவள் நைஜலை நேராகப் பார்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

“ஒண்டு. ரெண்டு. மூண்டு.”

நிறுத்தினாள். அடுத்தது என்னவென்று மேடையில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்த ஒரு சொல் அவனுக்கு வரவில்லை. அவள் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு அவள் மைக்கை ட்ரம்ஸின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

மூன்றாவது வரிசையடியில் நின்றாள்.

“எடுத்திட்டீங்களா காக்கா?”

“எடுத்திட்டன் தங்கச்சி.” சரீப் கசற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கப் போனார். “பேர் எழுதி, நாளைக்கு ஆரும் தன்னாமுனைப் பக்கம் வந்தாக் குடுத்து...”

“வேணாம்,” என்று அவள் கையை நீட்டினாள். “இப்பவே எண்ட கையில தாங்க. ஆரிட்டயும் குடுத்து விடாதீங்க.”